கறுப்பு மேலே, சிவப்பு கீழே

வேதாச்சலம் ஐந்தரைக்கு எழுந்தான். முனிசிபல் தண்ணீர் வரும் நாள். இரண்டு குடம், ஒரு பக்கெட் பிடித்தான். முகம் மழித்தான். முந்தின நாள் துவைத்த சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டான். மெஸ்ஸில் நான்கு இட்லி. காரச் சட்னி வேண்டாம் என்றான், ஊற்றினார்கள், ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டான். ஏழு மணிக்கு, திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த தன் அறையைத் திறந்தான். பெருக்கினான். மேஜையைத் துடைத்தான். உட்கார்ந்தான்.

அந்த அறைக்குப் பெரும்பாலும் கல்யாண விசாரணைகள்தான் வரும். பையன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறானா, பெட்ரோல் பங்கில் நிற்கிறானா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து ஏழில் அந்தத் தொழிலுக்குக் குறைச்சல் இல்லை. கொலை வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

ஏழே காலுக்கு உதவியாளர் தாட்சாயணி கையில் ஹெல்மெட்டோடு வந்தாள். நான்கு வருஷம் எஸ்.டி.டி. பூத்தில் இருந்தவள். ஊரெல்லாம் செல்போன் வந்து பூத்தை மூடியதும் இங்கே சேர்ந்தாள். அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகியவள் என்பதுதான் அவளுடைய படிப்பு, அனுபவம் எல்லாம்.

"சட்டை கசங்கிக்கினு கீதுணா. துப்பறியறவன் மாதிரி இல்ல, துப்பு கெட்டவன் மாதிரி கீற."

"விஷயத்தைச் சொல்லு."

"பெரியாஸ்பத்திரிலேர்ந்து நர்ஸக்கா போன் பண்ணாங்க. பிச்சாட்டூர் ரமணா. பொண்டாட்டிய அடிச்சிப் பொதைச்சான்னு பேப்பர்ல போட்டானே, அவன்தான். நம்மள வரச் சொல்றான். அவன கட்டில்ல விலங்கு போட்டுக் கட்டி வச்சிருக்காங்க. அதனால நாமதான் மரியாதையா போவணும்."

ரமணாவுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ஜே.சி.பி. ஓட்டுபவன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இடது காதின் பாதி தையலில் நின்றது. மூன்று நாளைக்கு முன், கொலை நடந்த இடத்தைக் காட்டச் சொல்லி போலீஸ் அவனை ஜீப்பில் கூட்டிப் போனது. இறந்துபோன சிவசங்கரியின் அண்ணன் வீராசாமி இருபது பேரோடு ஜீப்பை மறித்து, இவனை வெளியே இழுத்துப் போட்டுச் செய்த வேலை இது.

"நான் தொடலண்ணா," என்றான் பல்லிடுக்கில். "அவ குழி தோண்டி மண்ணு எடுக்கிற வேலைக்குப் போய்க்கினு இருந்தா. மண்ணுல எவ்ளோ கரி, அதான் கார்பன், தங்கிக் கீதுன்னு பெங்களூர் கம்பெனி பாக்குது. கரி தங்கினா மண்ணு கறுப்பா ஆவும், தண்ணியப் புடிச்சி வச்சிக்கும், மழை தப்பினாலும் பயிரு பதினஞ்சி நாள் சேத்துத் தாங்கும். சோறு துன்னும்போது கூட அதே பேச்சுதான். திங்கக்கெழமை அவங்க அண்ணன் மாந்தோப்புல குழி போடறேன்னு போனா. அந்தக் குழியிலயே..."

பின்மண்டையில் இரும்பால் ஒரே அடி. அவள் தோண்டிய குழியிலேயே போட்டு மூடியிருந்தார்கள். மறுநாள் நாய்கள் பிறாண்டின. கொலை நடந்த அன்று ரமணாவின் ஜே.சி.பி. அரை மைல் தள்ளி ஏரியில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. போலீசுக்கு அவ்வளவு போதும்.

"இன்னிக்கு சாயந்திரம் அஞ்சி மணிக்கு மறுபடியும் இடம் காட்ட இட்டுக்கினு போறாங்க," என்றான் ரமணா. "அன்னிக்கு பாதியில விட்டத இன்னிக்கு முடிச்சிடுவாங்க."

வேதாச்சலம் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டே முக்கால்.

பிச்சாட்டூர் போய்ச் சேரப் பத்தரை ஆயிற்று. வழி நெடுக தாட்சாயணிதான் வண்டி ஓட்டினாள். ஏரிக்கரையில் அரசாங்கத்தின் வறட்சி வேலை நடந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அதைக் கருவு வேலை என்பார்கள். உடலைத் தோண்டி எடுக்கப் போலீஸ் அங்கிருந்துதான் நான்கு பெண்களைக் கூட்டிப் போயிருந்தது. அவர்களில் மூத்தவள் மணியம்மா. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"முதல் மண்வெட்டியில் என்ன வந்தது?" என்று கேட்டான் வேதாச்சலம்.

"இன்னா கேள்வி இது? மண்ணுதான் வந்திச்சி."

"என்ன நிறம்?"

மணியம்மா அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "மேலாக்க கறுப்பு. அதுக்குக் கீழ செவப்பு. அதுக்குக் கீழ சுக்காங்கல்லு. அதுக்கும் கீழ அந்தப் பாவிப் பொண்ணு."

"கலந்து இல்லையா?"

"பாய் மேல பாய் விரிச்சாப்ல தட்டுத் தட்டா இருந்திச்சி நைனா. மூடின மண்ணுதான், பொலபொலன்னு வந்திச்சி. ஆனா கலப்பே இல்ல. நாங்க நாளெல்லாம் குழி மூடறோம். எவ இப்டி மூடுவா? கைக்கு எது வருதோ அத்தத் தள்ளிக்கினு போய்க்கினே இருப்போம்."

"ஜே.சி.பி. மூடியிருந்தால்?"

"அது மாவு பெசைஞ்சாப்ல பெசைஞ்சி இல்ல போடும்!"

"இதைப் போலீசில் சொன்னாயா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு. மூக்கப் பொத்திக்கினு ஜீப்புல குந்திக்கினு இருந்தாங்க."

வண்டிக்குத் திரும்பும்போது தாட்சாயணி சொன்னாள்: "ரமணா தப்பிச்சான். இன்ஸ்பெக்டருக்கு போன் போடுணா."

"போட்டு? குழியை அழகாக மூடியிருந்தார்கள், அதனால் இவன் இல்லை என்பதா? சிரிப்பார். இப்படி மூடுகிற கை யாருடையது என்று தெரிய வேண்டும்."

"கொன்னுட்டு நிதானமா தட்டுத் தட்டா மூடிக் கீறான்னா, ரொம்பப் பொறுமைசாலி."

"இல்லை. பதற்றத்தில் இருந்தவன். பதற்றத்தில் புத்தி நின்றுவிடும், கை மட்டும் வேலை செய்யும். பழக்கப்பட்ட கை."

மாந்தோப்புக்குள் நுழைந்தபோது வீராசாமியைக் காணவில்லை. குழி திறந்தே கிடந்தது. வேதாச்சலம் ஓரத்தில் குந்தி எட்டிப் பார்த்தான். வெட்டின பக்கச் சுவரில் மூன்று நிறமும் தெரிந்தன. மேலே ஒரு சாண் கறுப்பு. கறுப்பென்றும் சொல்ல முடியாது, வெளுத்துப்போன பழுப்பு. மேட்டு நிலம்.

"அண்ணா!" என்று தாட்சாயணி கத்தினாள்.

அவன் திரும்பியதுதான் தாமதம், கடப்பாரை இறங்கியது. தலைக்கு வைத்த குறி. இடது கையைத் தூக்கியதால் முன்கையில் விழுந்தது. உள்ளே ஏதோ சுள்ளி ஒடிவது போலச் சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. வீராசாமி நாற்பது வயது ஆள். தோள் இரண்டும் வரப்பு மாதிரி. இரண்டாவது அடிக்குக் கடப்பாரையைத் தூக்கினான். தாட்சாயணி ஹெல்மெட்டை வாரைப் பிடித்துச் சுழற்றி அவன் முழங்காலில் அடித்தாள். மண்டி போட்டான். இரண்டாவது சுற்றில் மூக்கு உடைந்தது.

"ஐ.எஸ்.ஐ. முத்திரை," என்றாள் மூச்சு வாங்க. "தலைக்கு மட்டும்னு நெனைச்சிக்கினு இருந்தன்."

வீராசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. "அவன காப்பாத்த வந்தியா? என் தங்கச்சி சாவும்போது அவன் பேரச் சொல்லிக் கத்தினாளாம். 'ரமணா, உட்டுடு'ன்னு. ஊரே சொல்லுது."

"யார் காதால் கேட்டது?"

"ஊரே சொல்லுதுன்னு சொல்றன்."

வேதாச்சலம் உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டான். "சரி. ஒன்று மட்டும் சொல். மாங்கன்று நடுகிற குழியை எப்படி மூடுவாய்?"

வீராசாமி அவனைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். ஆனாலும் விவசாயக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை. "மேல்மண்ண தொழுவெருவோட கலந்து அடியில போடணும். வேரு அங்கதானே துன்னும். அடிமண்ணு மேல வரும்."

"கறுப்பை மேலே போட்டால்?"

"கேனையன்தான் போடுவான். எங்க நைனா இருந்தா மண்வெட்டியாலயே அடிப்பாரு."

வேதாச்சலம் எழுந்தான். இவனும் இல்லை. இந்தத் தோப்பில் இருக்கிற அத்தனை மரத்தையும் தலைகீழாக மூடியே வளர்த்தவன்.

"உன் தோப்பில் தோண்ட உன்னிடம் கேட்டாளா?"

"மூணு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. அவன கட்டிக்கினு போனதுலேர்ந்து." வீராசாமி ரத்தத்தைத் துப்பினான். "வர்றது தெரியும். கெணத்தாண்ட நின்னுக்கினு பாக்காத மாதிரி இருப்பன். திங்கக்கெழமை சந்தைக்குப் போய்ட்டன்." அப்புறம் தலையை நிமிர்த்தினான். "அஞ்சி மணிக்கு அவன் இங்க வருவான். அதுவரைக்கும்தான் ஒனக்கு டைம்."

கம்பெனியின் கள அலுவலகம் ஊர்க்கோடியில் ஒரு வாடகை வீடு. தாட்சாயணி தன் துப்பட்டாவால் வேதாச்சலத்தின் கையைக் கழுத்தோடு கட்டியிருந்தாள். கதவைத் திறந்தவள் ஒரு பெண். ரூபா என்றாள். இருபத்துமூன்று வயது. கண்கள் வீங்கியிருந்தன. சிவசங்கரியும் அவளும் ஒன்றாகச் சேர்ந்தவர்களாம். வரும் திங்கட்கிழமை பெங்களூர் லேபுக்கு மாற்றல் ஆகிப் போகிறாளாம்.

"எங்க வூட்ல எல்லாருக்கும் சூளை வேலைதாண்ணா. செங்கல்லு தூக்காத மொத ஆளு நான்தான்."

"நீங்களும் குழி தோண்டுவீர்களா?"

"நான் ஆபீஸ்தான். மண்ணுப் பைங்களுக்கு நம்பர் போடறது. வெயில்ல எறங்கினா எனக்கு மூச்சு வாங்கும். சூப்பர்வைசர் ஹரிபிரசாத் சார் மூணு மணிக்கு வருவாரு. டீ போடறன், இருங்க."

சுவரில் ஒரு படம், தெலுங்கிலும் தமிழிலும். குழியின் பக்கத்தில் மூன்று குவியல். 'தோண்டும்போது தட்டுத் தட்டாகப் பிரித்து வை. மூடும்போது அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். மேல்மண் புதைந்தால் நிலம் பலம் இழக்கும்.' கீழே, உருவாக்கியவர் ஹரிபிரசாத்.

தாட்சாயணி மெதுவாக விசில் அடித்தாள்.

பக்கத்து அறையில் அலமாரி நிறைய துணிப்பைகள். வேதாச்சலம் 'மேட்டு நிலம்' என்று எழுதிய வரிசையில் ஒன்றை ஒற்றைக் கையால் அவிழ்த்தான். காலையில் குழிச் சுவரில் பார்த்த வெளுத்த பழுப்பு அல்ல. மை போன்ற கறுப்பு. உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தான். வெள்ளையாக, மிளகை விடச் சின்னதாக, சுருள் சுருளாக ஏதோ ஒட்டியது. இன்னொரு பை. அதிலும்.

"நத்தை ஓடு," என்றாள் தாட்சாயணி. "மேட்டுக்கு நத்தை எப்டிணா போச்சி? டவுன் பஸ்ஸா?"

"இது ஏரி வண்டல். ஏரிக்கரையில் அள்ளி, மேட்டு நிலம் என்று எழுதியிருக்கிறார்கள். மண்ணில் கரி ஏறியிருக்கிறது என்று காட்ட. சிவசங்கரி இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். சரியான மண்ணை எடுக்கத்தான் திங்கட்கிழமை மேட்டுக்குப் போயிருக்கிறாள்."

"கரி நம்பர் ஏறினா யாருக்கு லாபம்? சூப்பர்வைசருக்கு. குழி மூடற வித்தை யாருக்குத் தெரியும்? படம் போட்டவருக்கு." அவள் விரலை மடக்கினாள். "முடிஞ்சிச்சிணா. அவர அமுக்கிடலாம்."

ஹரிபிரசாத் மூன்றரைக்குத்தான் வந்தார். பளபளக்கும் ஷூ. நெல்லூர்ப் பக்கத்துத் தமிழ். வேதாச்சலம் நத்தை ஓடுகளை மேஜைமேல் வைத்தான். அவர் முகம் வெளுத்தது.

"நாக்கு தெலீது சார், எனக்குத் தெரியாது. சத்தியமா. பை வருது, பெங்களூர் அனுப்புறேன், அவ்வளவுதான்."

கொல்லையில் விவசாயிகளுக்குக் காட்டுவதற்காகத் தோண்டிய மாதிரிக் குழி ஒன்று இருந்தது. ஓரத்தில் மூன்று குவியல். வேதாச்சலம் மண்வெட்டியை அவரிடம் நீட்டினான்.

"மூடிக் காட்டுங்கள்."

"இப்போதா?"

"இப்போதே."

ஹரிபிரசாத் மண்வெட்டியைப் பேனா பிடிப்பது போலப் பிடித்தார். ஷூ அழுக்காகாமல் எட்டி நின்று, கைக்குக் கிட்டே இருந்த குவியலைக் குழிக்குள் தள்ளினார். கறுப்புக் குவியல். அது முடிந்ததும் சிவப்பையும் சுக்காங்கல்லையும் சேர்த்து ஒரே தள்ளு.

வேதாச்சலம் கடிகாரத்தைப் பார்த்தான். மணி நாலேகால். இது அந்தக் கை இல்லை. இந்த மனிதர் படம் போட்டவர். வாழ்நாளில் ஒரு குழியும் மூடியவர் இல்லை.

"ஐயோ, இன்னா சார் பண்றீங்க! அது கடைசில!"

டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்த ரூபா இறங்கி ஓடி வந்தாள். மண்வெட்டியைப் பிடுங்கினாள். குழிக்குள் விழுந்த கறுப்பை நான்கே வீச்சில் அள்ளி வெளியே எறிந்தாள். சுக்காங்கல்லை இழுத்து அடியில் விட்டு, குதிகாலால் மிதித்து, சிவப்பை மேலே பரப்பினாள். இரண்டே நிமிஷம். கறுப்புக்குக் கை போகும்போதுதான் எல்லோரும் தன் கையையே பார்ப்பதைக் கவனித்தாள்.

அவளுக்கு மூச்சு கூட வாங்கவில்லை.

"வெயில்ல எறங்கினா மூச்சு வாங்கும்னியேடி," என்றாள் தாட்சாயணி.

ஹரிபிரசாத் குழம்பினார். "மூச்சா? ரூபாவுக்கா? இந்த வருஷம் இருநூறு குழி போட்டது இவதானே. மேட்டு நிலம் முழுக்க இவ ரூட்டு. சிவசங்கரி ஏரிப் பக்கம்."

மண் துளைக்கிற ஆகர் சுவரோரம் சாய்ந்திருந்தது. கைப்பிடி வைத்த, ஆள் இடுப்பளவு இரும்பு. ரூபா அதை எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. முதல் வீச்சு ஹரிபிரசாத்தின் தோளெலும்பில் விழுந்தது. அவர் ஷூவோடு குழிக்குள் சரிந்தார். இரண்டாவது வேதாச்சலத்தின் நெற்றியை உரசிக்கொண்டு போனது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. மூன்றாவதற்கு அவள் கையைத் தூக்கியபோது தாட்சாயணி தலையைக் குனிந்து அவள் வயிற்றில் பாய்ந்தாள். இருவரும் கறுப்புக் குவியலில் விழுந்தார்கள். ரூபா கடித்தாள், பிறாண்டினாள். தாட்சாயணி அவள் தலைமயிரைக் கையில் சுற்றி முகத்தை மண்ணில் அழுத்தி, முதுகில் ஏறி உட்கார்ந்தாள்.

"கம்முனு கெட. என் துப்பட்டா ஏற்கெனவே ஒருத்தன் கழுத்துல கீது. உன்ன கட்ட வேற இல்ல."

வேதாச்சலம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தான். ரமணாவை ஏற்றிக்கொண்டு அவர் வந்த ஜீப் புத்தூரைத் தாண்டிவிட்டது. அங்கேயே நிறுத்தச் சொன்னான். எதற்கு என்றார் அவர். கொலை செய்தவள் இங்கே இருக்கிறாள் என்றான். மறுமுனையில் கொஞ்ச நேரம் ஜீப்பின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

அவன் போனை வைத்துவிட்டுத் திரும்பினான். கொல்லைக் கதவருகே வீராசாமி நின்றிருந்தான். மூக்கில் காய்ந்த ரத்தம், கையில் கடப்பாரை. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

தாட்சாயணி ரூபாவின் முதுகிலிருந்து இறங்கவில்லை. இப்போது அவள் உட்கார்ந்திருந்தது பிடித்து வைக்க அல்ல, மறைக்க.

"அவன் பேரச் சொல்லிக் கத்தினாளாமே," என்றான் வீராசாமி.

ரூபா மண்ணிலிருந்து முகத்தைத் திருப்பினாள். உதட்டில் கறுப்பு ஒட்டியிருந்தது. "அது நான் கட்டி விட்டது."

"ஏன்டி?"

"குழி போட்டுப் போட்டு ஓய்ஞ்சி, மேட்டுக்கு நடக்க முடியலண்ணா. மொதல்ல ரெண்டு பைதான் ஏரியில அள்ளினன். நம்பர் நல்லா வந்திச்சின்னு பெங்களூர்ல கூப்ட்டாங்க. அப்புறம் எல்லாத்தையும் அங்கயே அள்ளினன். அவ நத்தை ஓட்டப் பாத்துட்டா."

"சொல்லிடுவன்னு மெரட்டினாளா?" என்று வேதாச்சலம் கேட்டான்.

"இல்ல." அவள் குரல் தேய்ந்தது. "யாருக்கும் சொல்லல. பழைய பையக் கொட்டிட்டு ரெண்டு பேரும் புதுசா எடுத்து வச்சிடலாம், ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னா. எனக்காகத்தான் அந்தக் குழியத் தோண்டினா. ஆனா அது வெளுத்த மண்ணு. அந்த நம்பரு போனா பெங்களூர் இல்ல. திரும்பவும் சூளைதான். அவளுக்கு அது புரியல. பை நெரப்பிட்டா. நான் மேல ஆகர வச்சிக்கினு நின்னுக்கினு இருந்தன். மூடினது கூட எனக்கு நெனப்பு இல்ல. கை தானா மூடிச்சி."

வீராசாமி இரண்டடி முன்னால் வந்தான். கடப்பாரையின் முனை தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. வேதாச்சலம் நல்ல கையை நீட்டிக் குறுக்கே நின்றான். தள்ளினால் விழுந்துவிடுவான் என்று அவனுக்கே தெரியும். வீராசாமி தள்ளவில்லை. அவன் தோளுக்கு மேலாக, மண்ணில் கிடந்தவளைப் பார்த்துக் கேட்டான்.

"நெசமா இன்னா சொன்னா? கடைசியா?"

ரூபா கண்ணை மூடிக்கொண்டாள்.

"குழிக்குள்ளேர்ந்து கைய நீட்டினா. 'ரூபா, கை குடுடி, ஏறணும்'னு சொன்னா."